இடஞ்சார் தரவுப் பகுப்பாய்வு: இனி வரும் ஆண்டுகளில் எந்த முறைகள் நிலைக்கும்?

கேள்வி
எழுதியவர்: ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். புள்ளியியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுத் தரவை (2019–21) வைத்து, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோரின் விகிதத்தைத் தமிழ்நாட்டின் 388 ஊராட்சி ஒன்றியங்களுக்கும் தனித்தனியே மதிப்பிடுவது என் ஆய்வின் நோக்கம். மாநிலம் முழுமைக்கும் அந்த விகிதம் 25 சதவீதம் என்று அறிக்கை தருகிறது. மாவட்ட அளவிலும் எண்கள் கிடைக்கின்றன. ஆனால் ஊட்டச்சத்துப் பணிகளைத் திட்டமிடுவோர் கேட்பது ஒன்றிய அளவிலான எண்ணை. அந்த அளவில் நேரடியாக மதிப்பிடப் போதுமான குழந்தைகள் ஆய்வில் இல்லை என்பதால், பக்கத்து இடங்களின் தகவலையும் சேர்த்துக்கொள்ளும் இடஞ்சார் முறை ஒன்று கட்டாயம் தேவைப்படுகிறது.

என் நெறியாளர், அளந்த இடங்களின் மதிப்புகளை எடையிட்டுச் சேர்த்து அளக்காத இடத்தைக் கணிக்கும் கிரிகிங்கிலும், அதன் அடியில் உள்ள நிகழ்தகவு மாதிரியான காஸியன் செயல்முறையிலும் ஊறியவர். அவற்றை அடிப்படையிலிருந்து கற்ற பிறகே வேறு எதையும் தொட வேண்டும் என்கிறார். கணினித் துறையில் உள்ள நண்பர்களோ, செயற்கைக்கோள் படங்களையும் ஆழ் கற்றலையும் கொண்டு இந்த வரைபடத்தைச் சில நாட்களில் உருவாக்கிவிடலாம் என்றும், வானிலைக் கணிப்பிலேயே நரம்பிணைய மாதிரிகள் இயற்பியல் மாதிரிகளுக்கு ஈடுகொடுக்கும் காலத்தில் 1950களில் தங்கச் சுரங்கத்துக்காக உண்டான முறையைப் பிடித்துக்கொண்டிருப்பது வீண் என்றும் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சை எளிதில் ஒதுக்கவும் முடியவில்லை. இரவு வெளிச்சம், தாவரக் குறியீடு, நில உயரம், அருகிலுள்ள நகரத்துக்கான பயண நேரம் ஆகியவற்றை வைத்து பல முடிவு மரங்களின் கணிப்பைச் சராசரி செய்யும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறையை ஓட்டியபோது, பத்து மடிப்புக் குறுக்குச் சரிபார்ப்பில் (தரவைப் பத்துப் பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் மற்ற ஒன்பதைக் கொண்டு கணித்துச் சோதிப்பதில்) அதன் பிழை சாதாரண கிரிகிங்கின் பிழையைவிடக் குறைவாகவே வந்தது.

ஆய்வுக்கு எனக்கு மூன்று நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குப் பிறகும் பயன்படக்கூடிய எதைக் கற்பதில் அந்தக் காலத்தைச் செலவிட வேண்டும்? இடஞ்சார் புள்ளியியலுக்கென்று தனியாக ஒரு வருங்காலம் இருக்கிறதா, அல்லது அது இயந்திரக் கற்றலின் ஒரு பிரிவாகக் கரைந்துவிடுமா? துறையில் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1
எழுதியவர்: சுரங்கப் புள்ளியியலர்

தங்கச் சுரங்கத்துக்காக உண்டான முறை என்பது உண்மை. ஆனால் அந்தச் சுரங்கத்தில் என்ன சிக்கல் எழுந்தது என்பதை உங்கள் நண்பர்கள் கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில் பொறியாளராக இருந்த டேனி கிரிகே 1951இல் எழுதிய கட்டுரையின் மையத்தில் இருந்தது இதுதான்: மாதிரித் துண்டுகளில் தங்கம் மிகுதியாகத் தெரிந்த பாளங்களை வெட்டி எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும், குறைவாகத் தெரிந்த பாளங்களை வெட்டினால் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவும் கிடைத்துவந்தது. சில துண்டுகளில் அளந்த மதிப்பை அப்படியே ஒரு பெரிய பாளத்தின் மதிப்பாகக் கொள்ளக் கூடாது என்பதும், சுற்றியுள்ள அளவீடுகளை எந்த எடையில் சேர்க்க வேண்டும் என்பதைத் தரவின் இடத்தொடர்பே முடிவுசெய்ய வேண்டும் என்பதும் அதிலிருந்து பிறந்தவை. பிரான்சில் ஜார்ஜ் மாத்தரோன் 1960களில் அதற்கு முழுக் கணித வடிவம் கொடுத்தார். அதே காலத்தில் சோவியத் வானிலையாளர் லெவ் கான்டின் 1963இலும், காடுகளை ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டுப் புள்ளியியலர் பெர்டில் மத்தேர்ன் 1960இலும் ஏறத்தாழ இதே கணிதத்தைத் தத்தம் தேவைக்காக எழுதினார்கள். நம் நாட்டில் மகலனோபிஸ் வங்காளத்தின் சணல் பயிர்ப் பரப்பை மதிப்பிட நடத்திய ஆய்வுகளில், கூறாக எடுக்கும் நிலத்துண்டின் அளவும் எண்ணிக்கையும் மாறும்போது பிழை எப்படி மாறுகிறது என்பதைச் செலவோடு சேர்த்து ஆராய்ந்து 1944இல் வெளியிட்டார். இத்தனை துறைகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், கணிப்பைச் சொல்லும்போதே அதன் பிழையளவையும் சொல்ல வேண்டிய கட்டாயம் எல்லோருக்கும் இருந்ததுதான். உங்கள் ஒன்றிய வரைபடத்துக்கும் அதே கட்டாயம் இருக்கிறது.

கிரிகிங் பின்தங்கிவிட்டது என்ற பேச்சுக்கு நியாயமான ஒரு காரணம் உண்டு, அது கணக்கீட்டுச் சுமை. இரண்டிரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தொடர்பையெல்லாம் ஓர் இணைமாறுபாட்டு அணியாக எழுதி, அந்த அணியைச் சிதைத்துத் தீர்வு காண வேண்டும். தரவு இரட்டிப்பானால் நினைவகம் நான்கு மடங்கும் வேலை எட்டு மடங்கும் ஆகும். குடும்ப நல ஆய்வின் நாடு தழுவிய கொத்துகள் (ஆய்வுக்கெனத் தேர்ந்தெடுத்த ஊர்கள் அல்லது நகரப் பகுதிகள்) முப்பதாயிரம் என்று கொண்டால், அந்த அணியில் 90 கோடி எண்கள். எட்டு பைட் வீதம் சுமார் 7.2 ஜிபி. ஒரு முறை தீர்ப்பதானால் நல்ல கணினியில் முடிந்துவிடும், ஆனால் அளவுருக்களை மதிப்பிட அதையே ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டும். பத்து லட்சம் புள்ளிகள் கொண்ட ஒரு செயற்கைக்கோள் படத்துக்கு அணி மட்டும் 8 டெராபைட். இந்தச் சுவரின் முன்னால்தான் துறை நெடுங்காலம் நின்றது.

அந்தச் சுவர் இப்போது பெருமளவு உடைந்துவிட்டது. லிண்ட்கிரன், ரூ, லிண்ட்ஸ்ட்ரோம் ஆகியோர் 2011இல் காட்டிய வழி, தொலைவு கூடும்போது தொடர்பு எப்படிக் குறைகிறது என்பதைச் சொல்லும் மத்தேர்ன் வகை இணைமாறுபாட்டைக் கொண்ட புலத்தை (இடத்துக்கு இடம் மாறும் அளவை) ஒரு பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வாகப் பார்த்து, நிலப்பரப்பின் மேல் முக்கோண வலை ஒன்றை விரித்து, பெரும்பாலான உறுப்புகள் சுழியாகவே இருக்கும் அணிகளால் கணக்கை முடிப்பது. வெக்கியா 1988இலேயே முன்வைத்த மற்றொரு வழியில், ஒவ்வொரு புள்ளியும் தனக்கு முந்திய புள்ளிகள் எல்லாவற்றையும் சாராமல் அருகிலுள்ள சிலவற்றை மட்டும் சார்ந்திருப்பதாகக் கொள்வார்கள். அதை 2016இல் தத்தாவும் பானர்ஜியும் உடனிருந்தவர்களும் முழுமையான ஒரு செயல்முறையாக வளர்த்தெடுத்தார்கள். 2019இல் ஹீட்டன் தலைமையில் வெளியான ஒப்பீட்டுப் போட்டியைத் தேடிப் படியுங்கள். 500க்கு 300 கட்டங்கள் கொண்ட நிலப்பரப்பு வெப்பநிலைப் படத்தில் ஒரு பகுதியை மறைத்துவிட்டு, வெவ்வேறு குழுக்கள் தத்தம் முறையால் அதை நிரப்பினார்கள். கணிப்புகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நெருங்கியே வந்தன. பிழை இடைவெளிகளின் (உண்மை மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கும் என்ற கணிப்பின்) தரத்திலும் ஓடிய நேரத்திலும்தான் வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது.

உங்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. தமிழ்நாட்டை மட்டும் எடுத்தால் உங்களிடம் இருப்பவை ஆயிரத்துச் சொச்சம் கொத்துகள். எனவே பெருந்தரவு முறைகளைத் துரத்துவதில் உங்கள் ஆய்வுக் காலத்தைக் கழிக்க வேண்டியதில்லை.

நரம்பிணையங்கள் இந்தத் துறைக்குள்ளேயே வந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மாதிரியிலிருந்து செயற்கைத் தரவை லட்சக்கணக்கில் உருவாக்கி, அந்தத் தரவிலிருந்து அளவுருக்களைத் திரும்பக் கண்டுபிடிக்க ஒரு நரம்பிணையத்தைப் பயிற்றுவித்துவிட்டால், பிறகு உண்மைத் தரவைக் கொடுத்த மறு நொடியில் மதிப்பீடு கிடைத்துவிடும். அதீத மழைக்கான மாதிரிகளைப் போல நேரடிக் கணக்கீடு மிகக் கடினமான இடங்களில் இது பெரிய உதவி. அடுத்த பத்தாண்டில் இது வழக்கமான கருவியாகிவிடும் என்றே நம்புகிறேன். ஆனால் ஒரு வரம்பு உண்டு. ஹாவ் ஜாங் 2004இல் நிறுவியபடி, ஓர் எல்லைக்குட்பட்ட நிலப்பரப்பில் எத்தனை நெருக்கமாக அளந்தாலும் மத்தேர்ன் மாதிரியின் மாறுபாட்டையும் வீச்சையும் (தொடர்பு எவ்வளவு தொலைவு நீள்கிறது என்பதையும்) தனித்தனியே துல்லியமாகப் பிரித்தறிய முடியாது. இரண்டும் சேர்ந்த ஒரு கூட்டளவை மட்டுமே தரவு காட்டும். தரவில் இல்லாத தகவலை எந்த நரம்பிணையமும் உண்டாக்கித் தராது. உங்கள் நெறியாளர் அடிப்படையை வலியுறுத்துவது இத்தகைய இடங்களை அடையாளம் காண்பதற்காகத்தான் என்று எண்ணுகிறேன்.

மறுமொழி 2
எழுதியவர்: வன வரைபடப் பணி

முந்தைய மறுமொழியுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கணக்கீட்டு வேகத்தைத் துறையின் மையச் சிக்கலாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேகம் பொறியியல் சார்ந்தது, அது தீர்ந்துகொண்டே வருகிறது. தீராமல் நிற்பது, ஒரு வரைபடம் எந்த அளவுக்கு உண்மை என்று எப்படி அறிவது என்ற கேள்வி. மாணவி குறிப்பிட்ட பத்து மடிப்புச் சரிபார்ப்பிலேயே அது வந்துவிட்டது.

குறுக்குச் சரிபார்ப்பில் தரவைக் குலுக்கிப் பத்துப் பங்காகப் பிரிக்கும்போது, சோதனைக்கென ஒதுக்கிய ஒவ்வொரு கொத்துக்கும் மிக அருகிலேயே பயிற்சிக் கொத்துகள் அமைந்துவிடுகின்றன. அருகருகே உள்ளவை ஒத்திருக்கும் என்பதால், மாதிரி எந்த உறவையும் கற்காமல் இடத்தை மட்டும் மனப்பாடம் செய்திருந்தாலும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். ப்ளோட்டோனும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் மத்திய ஆப்பிரிக்கக் காடுகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இதற்குத் தெளிவான சான்று. 1.18 கோடி மரங்களின் கணக்கெடுப்புத் தரவைக் கொண்டு, காட்டின் உயிர்த்திரளை, அதாவது மரங்களின் எடையை, கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் மாதிரியை அவர்கள் சோதித்தார்கள். வழக்கமான சரிபார்ப்பு, உயிர்த்திரளின் வேறுபாட்டில் பாதிக்கும் மேல் மாதிரி விளக்கிவிடுவதாகச் சொன்னது. சோதனைப் பகுதியைப் பயிற்சிப் பகுதியிலிருந்து தொலைவாக விலக்கிவைத்துச் சரிபார்த்தபோது அந்தத் திறன் ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. காட்டு வரைபடங்களை நம்பித்தான் கரிமச் சந்தையில் பணம் கைமாறுகிறது என்பதால், எங்கள் வேலையில் இது ஏட்டளவில் நிற்கும் விவாதமாக இல்லை.

அதற்காக எப்போதும் தொலைவாக விலக்கித்தான் சரிபார்க்க வேண்டும் என்று விதி வகுப்பதும் தவறு. வாடு, ஹோய்வெலிங்க் முதலானோர் 2021இல் எழுதிய மறுப்பைப் படித்தால் மறுபக்கம் புரியும். கணிக்க வேண்டிய இடங்கள் உண்மையிலேயே அளவீடுகளுக்கு அருகில் இருக்கும்போது, அவற்றை வலிந்து விலக்கிச் சோதித்தால் வரைபடத்தின் பிழை இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டப்படும். நிகழ்தகவுக் கூறெடுப்பின்படி (ஒவ்வோர் இடமும் தேர்வாகும் வாய்ப்பு தெரிந்திருக்கும்படி) எடுத்த சோதனைத் தரவு இருந்துவிட்டால், மாதிரி எதுவானாலும் வரைபடத்தின் பிழையை நடுநிலையாக மதிப்பிடலாம் என்பது அவர்கள் வாதம். எனவே, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஒரு படம் வரைவது. ஒன்றியங்களின் மக்கள் வாழும் இடங்களிலிருந்து மிக அருகிலுள்ள கொத்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதன் பரவலையும், உங்கள் சரிபார்ப்பில் சோதனைக் கொத்துக்கும் அதற்கு அருகிலுள்ள பயிற்சிக் கொத்துக்கும் இடையிலான தொலைவின் பரவலையும் ஒரே தாளில் வரையுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் பிழை எண் நம்பத்தக்கது. ஒத்துப்போகும்படி மடிப்புகளை அமைக்கும் முறைகள் ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியின் காஸ்ட் தொகுப்பில் கிடைக்கின்றன. மேயரும் பெபெஸ்மாவும் 2021இல் முன்வைத்த ‘பொருந்தும் பரப்பு’ என்ற கருத்தும் அதிலேயே உள்ளது. பயிற்சித் தரவில் காணப்படாத சூழல் கொண்ட இடங்களை அது தனியே குறித்துக் காட்டும்; நீலகிரி, கொல்லிமலை, ஜவ்வாதுமலை போன்ற மலைப்பகுதிகளில் உங்களுக்கு அது தேவைப்படலாம்.

வானிலை எடுத்துக்காட்டைப் பற்றியும் ஒரு சொல். கிராஃப்காஸ்ட் போன்ற நரம்பிணைய வானிலை மாதிரிகளின் சாதனை பெரியது, அதில் ஐயமில்லை. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை மையமே 2025 பிப்ரவரியில் தன் இயந்திரக் கற்றல் மாதிரியை அன்றாடக் கணிப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் அவை எதைக் கொண்டு பயின்றன? அந்த மையம் உருவாக்கிய எரா5 என்னும் மறுபகுப்பாய்வுத் தரவைக் கொண்டு. உலகெங்கும் கால் பாகைக் கட்டத்தில், மணிக்கொரு முறை, பல பத்தாண்டுகளுக்கு இடைவெளியே இல்லாமல் கிடைக்கும் அந்தத் தரவு, சிதறிய அளவீடுகளையும் இயற்பியல் மாதிரியையும் புள்ளியியல் முறையில் இணைத்துத் தயாரிக்கப்பட்டது. கான்டினின் பணி அந்த மரபின் தொடக்கத்தில் இருக்கிறது. குழந்தைகளின் உயரத்துக்கு அப்படி ஓர் எரா5 கிடையாது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, அங்கங்கே சில வீடுகளில் மட்டும் அளக்கிறோம். தரவு இப்படிச் சிதறிக் கிடக்கும் வரை இடஞ்சார் புள்ளியியலுக்கு வேலை இருக்கும். மேலும், வானிலை மாதிரிகளும் ஒற்றை விடையைத் தருவதிலிருந்து நிகழ்தகவுப் பரவலைத் தருவதை நோக்கி நகர்கின்றன. 2024இல் வெளியான ஜென்காஸ்ட் அந்த வகையைச் சேர்ந்தது. அவற்றை மதிப்பிடுவதற்கான அளவுகோல்களைப் புள்ளியியலர்கள் அதற்கு வெகு முன்பே உருவாக்கி வைத்திருந்தார்கள்.

கூறெடுப்பைப் பற்றி இன்னொன்று. காற்று மாசு நிலையங்களைப் போல, மாசு மிகும் என்று எண்ணிய இடங்களிலேயே அளவீடுகளை வைத்துவிட்டு, அவை தற்செயலாக அமைந்தவை போலக் கிரிகிங் செய்தால் முடிவு சாய்ந்துவிடும். டிக்கிள், மெனெசெஸ், சு ஆகிய மூவரும் 2010இல் ஸ்பெயினின் கலீசியா பாசிகளில் ஈய அளவை வைத்து இதைக் காட்டினார்கள். குடும்ப நல ஆய்வு முறையான நிகழ்தகவுக் கூறெடுப்பு என்பதால் உங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது ஒரு பெரிய செல்வம். அதன் கூறெடுப்பு வடிவத்தைப் பகுப்பாய்வில் கைவிட்டுவிடாதீர்கள்.

மறுமொழி 3
எழுதியவர்: பொதுச் சுகாதாரப் புள்ளியியல்

மாணவிக்கு வணக்கம். நான் இதே ஆய்வுத் தரவுடன் வேலை செய்பவள் என்பதால் தரவின் பக்கமிருந்து பேசுகிறேன். வருங்காலத்தில் எந்த முறை வெல்லும் என்பதைவிட, நம் கையில் உள்ள இடத் தகவல் உண்மையில் எதைக் குறிக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

நீங்கள் பதிவிறக்கும் கொத்துகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகள் உண்மையான இடங்கள் அல்ல. வீடுகளின் அடையாளம் வெளிப்படாமலிருக்க, நகர்ப்புறக் கொத்துகள் 2 கிலோமீட்டர் வரையிலும் கிராமப்புறக் கொத்துகள் 5 கிலோமீட்டர் வரையிலும் ஏதோ ஒரு திசையில் நகர்த்தப்பட்டே வெளியிடப்படுகின்றன. கிராமக் கொத்துகளில் ஒரு சதவீதம் 10 கிலோமீட்டர் வரைகூட நகர்த்தப்பட்டிருக்கும். ஒரு புள்ளியில் இரவு வெளிச்சத்தை எடுத்துப் பார்க்கிறீர்கள் என்றால், அது அந்தக் குழந்தைகள் வாழும் ஊரின் வெளிச்சமா, நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள பேரூராட்சியின் வெளிச்சமா என்று தெரியாது. ராஸ்டர் (கட்டம் கட்டமாக மதிப்பு தரும் வரைபடம்) எவ்வளவு நுண்ணியதோ அந்த அளவுக்கு இந்தப் பிழையும் பெரிதாகும். 10 மீட்டர் நுண்மையுள்ள செயற்கைக்கோள் தரவை உங்கள் நண்பர்கள் பரிந்துரைக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது எல்லைகள். ஐந்தாம் சுற்று 2017 மார்ச் 31 அன்று இருந்த 707 மாவட்டங்களின்படி நடந்தது. தமிழ்நாட்டுக்கு அன்று 32 மாவட்டங்கள். 2019இல் ஐந்தும் 2020இல் மயிலாடுதுறையும் பிரிந்ததால் இன்று 38. தென்காசிக்கு எண் கேட்டால் அறிக்கையில் இல்லை, திருநெல்வேலியின் பழைய எண்தான் இருக்கிறது. நகர்த்திய புள்ளிகள் இயன்றவரை மாவட்ட எல்லைக்குள்ளேயே வைக்கப்படுகின்றன. ஆனால் அது பழைய மாவட்ட எல்லை. இன்றைய தென்காசி–திருநெல்வேலி எல்லையோரம் உள்ள ஒரு கொத்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே நிச்சயமில்லை. ஒன்றிய எல்லைகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். ஓர் அளவிலான பரப்புகளுக்குத் திரட்டிய தரவை வேறோர் அளவுக்கு மாற்றுவது இத்துறையின் பழைய சிக்கல். அடுத்த பத்தாண்டில் கருவிகளைவிடக் கவனம் இங்கே தேவைப்படும் என்பது என் உறுதியான கருத்து. நாட்டின் நிர்வாக எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, தரவைத் தரும் மூலங்களோ பெருகிக்கொண்டே போகின்றன.

காலமும் இடத்துடன் கலந்திருக்கிறது. பெருந்தொற்று ஊரடங்கால் களப்பணி இடையில் நின்று, மாதங்கள் கழித்துத் தொடர்ந்தது. ஒரு பகுதியின் குழந்தைகள் ஊரடங்குக்கு முன்பும் மற்றொரு பகுதியினர் பின்பும் அளக்கப்பட்டிருந்தால், வரைபடத்தில் தெரியும் வேறுபாட்டில் ஒரு பங்கு காலத்தின் வேறுபாடாக இருக்கலாம். நேர்காணல் நடந்த மாதம் தரவிலேயே இருக்கிறது. அதை மாதிரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டுடன் நிற்காமல் காரணங்களையும் பேச நினைத்தால், ஒரு தனி எச்சரிக்கை. ஹாட்ஜஸும் ரைக்கும் 2010இல் எழுதிய கட்டுரையில், ஸ்லோவேனியாவின் 194 நகராட்சிகளில் வயிற்றுப் புற்றுநோய்க்கும் சமூகப் பொருளாதார நிலைக்கும் இடையில் தெளிவாகத் தெரிந்த தொடர்பு, இடஞ்சார் விளைவு ஒன்றை (பக்கத்து இடங்கள் ஒத்திருப்பதைக் காட்டும் உறுப்பை) மாதிரியில் சேர்த்தவுடன் மறைந்துபோனதைக் காட்டினார்கள். கழிப்பறை வசதியும் தாயின் கல்வியும் மேற்கிலிருந்து கிழக்காகச் சீராக மாறுபவை என்றால், இடஞ்சார் விளைவும் அவையும் ஒன்றையொன்று விழுங்கும். கணிப்புக்கு அதனால் கெடுதல் இல்லை, விளக்கத்துக்கு உண்டு. இந்தக் குழப்பத்தை எப்படிக் கையாள்வது என்பதில் துறைக்குள் இன்னும் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. ஒரு முனைவர் பட்டத்துக்குத் தகுந்த திறந்த கேள்வி வேண்டும் என்றால் இதுதான்.

மாணவியின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தொலைவுப் பரவல் படத்தை இந்த வாரமே வரைந்துவிடுகிறேன். புள்ளிகளை நகர்த்தும் செய்தி தரவின் விளக்கக் குறிப்பில் இருந்ததைப் படித்திருந்தேன், ஆனால் அது ஒன்றிய எல்லைகளை இப்படிப் பாதிக்கும் என்ற கோணத்தில் சிந்திக்கவில்லை. பொதுச் சுகாதாரப் புள்ளியியல் அம்மாவிடம் ஒரு துணைக் கேள்வி: நகர்த்தலைச் சரிசெய்ய நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? அதோடு, புள்ளி அளவில் கிடைக்கும் கணிப்பை ஒன்றிய அளவுக்குக் கொண்டுபோக வேண்டுமா, அல்லது தொடக்கத்திலிருந்தே ஒன்றியங்களை அலகாகக் கொண்ட பரப்பு மாதிரியைப் பயன்படுத்த வேண்டுமா?

மறுமொழி 4
எழுதியவர்: பொதுச் சுகாதாரப் புள்ளியியல்

நகர்த்தலுக்கு எளிய வழி, புள்ளியில் உள்ள ராஸ்டர் மதிப்பை எடுக்காமல், நகரக் கொத்துக்கு 2 கிலோமீட்டர், கிராமக் கொத்துக்கு 5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சராசரியை எடுப்பது. இது சிக்கலைக் குறைக்கும், நீக்கிவிடாது. முறையான வழி, உண்மையான இடத்தை அறியாத ஒன்றாகவே மாதிரிக்குள் வைத்து, அது இருக்கக்கூடிய இடங்கள் எல்லாவற்றின் மீதும் சராசரி காண்பது. நகர்த்தும் விதி வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது என்பதால் இது இயலும். மக்கள் வாழும் இடங்களுக்குக் கூடுதல் எடை கொடுக்கலாம். ஏரிக்கு நடுவில் யாரும் குடியிருக்க மாட்டார்கள். ஆர் மொழியில் ஜியோஅட்ஜஸ்ட் என்ற தொகுப்பு இதற்கென்றே எழுதப்பட்டது. ஆயிரத்துச் சொச்சம் கொத்துகளுக்கு அது தாராளமாக ஓடும்.

இரண்டாவது கேள்விக்கு, இரண்டையும் செய்யுங்கள் என்பதே என் பதில். மாவட்ட அளவில் முதலில் ஃபே–ஹெரியட் மாதிரியைப் பொருத்துங்கள். 1979இல் அமெரிக்காவின் சிற்றூர்களின் தலா வருமானத்தை மதிப்பிட உருவான அது, ஆய்வின் நேரடி மதிப்பீட்டையும் அதன் கூறெடுப்புப் பிழையையும் அப்படியே ஏற்றுக்கொள்வதால், கூறெடுப்பு வடிவம் தானாகவே காக்கப்படுகிறது. அதன்மேல் பெசாகும் உடனிருந்தவர்களும் 1991இல் தந்த அண்மை விளைவை (பக்கத்து மாவட்டங்கள் ஒத்திருக்கும் என்பதைக் கொண்ட உறுப்பை) சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றியங்களை நேரடி அலகாகக் கொள்வது உங்களுக்கு உதவாது. பல ஒன்றியங்களில் கொத்துகள் ஓரிரண்டே இருக்கும். ஒரு கொத்தில் தேர்ந்தெடுப்பது 22 வீடுகளை. அவற்றில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒரு சிலரே. எனவே ஒன்றியத்துக்குக் கொத்து அளவிலான மாதிரியைப் பயன்படுத்தி, கிராமம் நகரம் என்ற பிரிவைக் கட்டாயமாக அதில் சேர்த்து, பிறகு மேலே திரட்டுங்கள்.

திரட்டும்போது இரண்டு இடங்களில் பலர் தடுமாறுகிறார்கள். முதலாவது, ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைத்த பிழை இடைவெளிகளைச் சராசரி செய்து ஒன்றியத்தின் இடைவெளி என்று தருவது. கட்டங்களின் பிழைகள் ஒன்றோடொன்று ஓரளவே தொடர்புடையவை என்பதால் அது செல்லாது. கட்டங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே மாதிரியிலிருந்து ஆயிரம் முழு வரைபடங்களை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றியச் சராசரியைக் கண்டு, அந்த ஆயிரம் சராசரிகளின் பரவலிலிருந்து இடைவெளியை எடுக்க வேண்டும். இரண்டாவது, எடை. எங்கே எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்கு நாம் பயன்படுத்தும் மக்கள்தொகைக் கட்டங்கள் 2011 கணக்கெடுப்பை நீட்டித்துச் செய்தவை. அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. அதுவரை அந்த எடைகளிலும் பிழை உண்டு. சென்னையைச் சுற்றியும் கோயம்புத்தூர், திருப்பூரைச் சுற்றியும் வேகமாக நகரமாகிவிட்ட ஒன்றியங்களில் அது பெரிதாகவே இருக்கக்கூடும்.

இவ்வளவும் செய்த பிறகு, ஒன்றியங்களின் திரட்டிய மதிப்பீடுகளைப் பழைய 32 மாவட்டங்களுக்குக் கூட்டி, நேரடி மதிப்பீடுகளுடன் ஒப்பிடுங்கள். எங்காவது நேரடி மதிப்பீட்டின் இடைவெளிக்கு வெளியே போனால், மாதிரியைத் திருத்தும் முன் அந்த மாவட்டத்தின் கொத்துகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

மறுமொழி 5
எழுதியவர்: வன வரைபடப் பணி

மேலே சொன்ன ஒப்பீட்டை உங்கள் ரேண்டம் ஃபாரஸ்ட் முடிவுக்கும் செய்யுங்கள். இரண்டில் ஒன்றை விலக்க வேண்டிய அவசியமும் இல்லை. ரேண்டம் ஃபாரஸ்டிலிருந்து வரும் கணிப்பை ஒரு விளக்க மாறியாகவே கொத்து மாதிரிக்குள் சேர்த்து, மீதமுள்ள இடத்தொடர்பைக் காஸியன் செயல்முறையிடம் விடலாம். அப்படிச் செய்யும்போது, அந்தக் கணிப்பு ஒவ்வொரு கொத்துக்கும் அந்தக் கொத்து இல்லாத மடிப்பிலிருந்தே வர வேண்டும். இல்லையென்றால் மீதித் தொடர்பு சுழியாகத் தெரிந்து, இடைவெளிகள் பொய்யாகச் சுருங்கிவிடும். சேர்ப்பதற்கு முன்பும் பின்பும் எஞ்சிய பிழையின் வேரியோகிராமை (தொலைவு கூடக்கூட மதிப்புகள் எப்படி வேறுபடுகின்றன என்ற படத்தை) வரைந்து இங்கே பகிர்ந்தால், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.